கேபிளை அளந்து காட்டி விற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஐப்பசி மழையில் ஏற்காட்டில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தபோது, அங்கே தனியாக வசிக்கும் என் அக்காவின் வீட்டில் ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் வந்து மறுபடியும் நின்றுபோனது. அந்த இரண்டு மணி நேரமும் அக்கா தம் கைபேசியைச் சார்ஜில்தான் போட்டு வைத்திருந்தார். ஆயினும் பேட்டரி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பொழுது விடியும் முன்பே கைபேசி அணைந்துவிட்டது. எழுபத்து நான்கு வயதில், இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே தனியாக இருக்கிறார்; கீழே சேலத்தில் இருக்கும் நான் அழைத்த அழைப்பு ஒன்றும் போய்ச் சேரவில்லை. கிடைத்த முதல் பேருந்தில் ஏறிப் போய்ப் பார்த்தேன். அக்கா நலமாக இருந்தார். கைபேசியிலும் குறையில்லை, சார்ஜரிலும் குறையில்லை. மூன்று மாதங்களுக்கு முன்பு சேலம் கடைவீதியில் ஒரு கடையில், 'ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி நானே வாங்கிக் கொடுத்த ஒன்றரை மீட்டர் கேபிளில்தான் குறை இருந்தது.

முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்தவன் என்ற முறையில், பெட்டியில் இருந்த எழுத்தை அளந்து பார்க்காமல் நம்பியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் திரையில் காட்டும் சிறிய யு.எஸ்.பி. மீட்டர் ஒன்றை வாங்கியதுதான். அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். மீட்டரை முதலில் சார்ஜர் பக்கமும், பிறகு கைபேசிப் பக்கமும் மாட்டிப் பார்த்தேன். சார்ஜரை விட்டுப் புறப்படும்போது 5.1 வோல்ட்டாக இருந்தது, கைபேசிக்குப் போய்ச் சேரும்போது 4.3 வோல்ட்டாகியிருந்தது; ஓடிய மின்னோட்டம் 0.9 ஆம்பியர். அதாவது பத்து வாட் தரக்கூடிய சார்ஜரிலிருந்து கைபேசிக்குக் கிடைத்தது நான்கு வாட்டுக்கும் குறைவு. அதே சார்ஜரில், அதே கைபேசியில், என் மேசையில் இருந்த தடித்த ஒரு மீட்டர் கேபிளை மாட்டியபோது 1.8 ஆம்பியர் ஓடியது, முனையில் 4.9 வோல்ட் நின்றது. ஏறக்குறைய ஒன்பது வாட். அக்காவின் கைபேசியில் இருப்பது 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி. அதன் கொள்ளளவு சுமார் 19 வாட்-மணி. வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் கேபிளில் ஆறு மணி நேரம் ஆகும் வேலை இரண்டாவது கேபிளில் இரண்டரை மணி நேரத்தில் முடியும். நகரத்தில் இரவு முழுவதும் கைபேசியைச் சார்ஜில் போட்டுத் தூங்குகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. மின்சாரம் இரண்டு மணி நேரமே வரும் மலை வீட்டில் தெரியும்.

இதற்குக் காரணம் கேபிளின் உள்ளே ஓடும் செம்புக் கம்பியின் தடிமன். கம்பியின் தடிமனைக் குறிக்கும் ஏ.டபிள்யூ.ஜி. என்ற கேஜ் எண்ணில், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28 கேஜ் செம்புக் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், 24 கேஜ் என்றால் 0.084 ஓம், 20 கேஜ் என்றால் 0.033 ஓம். மின்சாரம் போகவும் ஒரு கம்பி, திரும்பவும் ஒரு கம்பி என்பதால் ஒரு மீட்டர் கேபிளுக்கு இரண்டு மீட்டர் கம்பியாகக் கணக்கிட வேண்டும். 28 கேஜ் கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 24 கேஜில் 0.34 வோல்ட்தான் தொலையும். இன்றைய கைபேசிகளில் உள்ள, எப்படிச் செருகினாலும் பொருந்தும் யு.எஸ்.பி. டைப் சி முனைக்கான விதிமுறைப்படி, கேபிள் தனக்குரிய முழு மின்னோட்டத்தைச் சுமக்கும்போது போகும் வழியில் அரை வோல்ட்டுக்கும் திரும்பும் வழியில் கால் வோல்ட்டுக்கும் மேல் இழக்கக் கூடாது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அது நம் கடைவீதி வரை வந்து சேரவில்லை.

சில கேபிள்களின் மேலுறையில் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் '28/1பி + 24/2சி' என்ற பாணியில் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். தரவுக்காக 28 கேஜில் ஒரு ஜோடிக் கம்பியும், மின்சாரத்துக்காக 24 கேஜில் இரண்டு கம்பிகளும் உள்ளே உள்ளன என்பது அதன் பொருள். வாங்குகிறவருக்குத் தேவையான செய்தி அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் அட்டைப் பெட்டியில் பெரிதாக இருப்பதோ மின்னல் படமும் 'சூப்பர்', 'டர்போ', 'அல்ட்ரா' என்ற சொற்களும். இந்தச் சொற்களுக்கு அளவு எதுவும் கிடையாது. குறைந்த விலைக் கைபேசியும் 5 வோல்ட் சார்ஜரும் வைத்திருப்பவருக்கே மெலிந்த கேபிளால் இழப்பு அதிகம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 9 வோல்ட்டில் ஓடும் புதிய சார்ஜர்களில் அரை வோல்ட் இழப்பு சிறு பங்குதான். 5 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்கு.

அந்தக் கேபிளை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போனேன். சண்டை போடுவதற்காகப் போகவில்லை. கடையில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "எல்லாமே ஃபாஸ்ட் சார்ஜிங் கேபிள்தானுங்க சார். கட்டாக வருது, பிரிச்சு மாட்டறோம். உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியாதுங்க" என்றார். அவர் சொன்னது முழு உண்மை என்றே நினைக்கிறேன். மொத்த விற்பனையாளரிடமிருந்து கட்டுக்கட்டாக வரும் கேபிளில் சில்லறைக் கடைக்காரருக்குத் தெரிவது கொள்முதல் விலையும் நிறமும் மட்டுமே. அவரைக் குற்றம் சொல்லி இக்கடிதத்தை எழுதவில்லை. கேபிளுக்குள் இருப்பது என்ன என்பதை, விற்பவரும் அறியாமல் வாங்குபவரும் அறியாமல் ஒரு வணிகம் நடக்கிறது என்பதே என் வருத்தம்.

இது ஒரு பாதிதான். மறுபாதியை என் பக்கத்து வீட்டில் இருக்கும் திருமண ஒளிப்பதிவாளர் ஒருவரால் தெரிந்துகொண்டேன். முகூர்த்த நாட்களில் இரண்டு திருமண மண்டபங்களுக்கு ஆள் அனுப்புகிற தொழில் அவருடையது. ஒரு திருமணத்துக்கு நூறு, நூற்றிருபது ஜி.பி. வரை காட்சிகள் சேரும். காட்சிகளைச் சேமித்து வைக்கும் வெளிப்புறச் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யோடு வந்த குட்டைக் கேபிள் தொலைந்துவிட்டதால், எழுநூறு ரூபாய் கொடுத்து, நூல் பின்னிய, தடித்த, '100 வாட்' என்று எழுதிய நல்ல கேபிள் ஒன்றை வாங்கியிருந்தார். முன்பு ஐந்தாறு நிமிடங்களில் முடிந்த நகலெடுப்பு இப்போது ஐம்பது நிமிடங்களுக்கு மேல் ஆகிறது, எஸ்.எஸ்.டி. பழுதாகிவிட்டது போலிருக்கிறது என்று கவலையோடு என்னிடம் கொண்டுவந்தார். எஸ்.எஸ்.டி. நன்றாகவே இருந்தது. கேபிளும் பொய் சொல்லவில்லை. அது உண்மையாகவே 100 வாட் தாங்கும் கேபிள். ஆனால் தரவைக் கொண்டுபோகும் வகையில் அது 2000ஆம் ஆண்டின் யு.எஸ்.பி. 2.0 கேபிள், அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட்.

இந்த இடத்தில் நம் பேச்சுமொழியும் குழப்பத்துக்குத் துணைபோகிறது. சார்ஜ் சீக்கிரம் ஏறினாலும் 'ஸ்பீடு' என்கிறோம், படங்கள் சீக்கிரம் நகலானாலும் 'ஸ்பீடு' என்கிறோம். இரண்டும் வேறு வேறு கம்பிகளின் வேலை. சார்ஜ் ஏறுவது மின்திறன். அதை வாட்டில் அளக்க வேண்டும். படங்கள் போவது தரவு வேகம். அதை நொடிக்கு இத்தனை பிட் என்று அளக்க வேண்டும். 240 வாட் தாங்கும் கேபிள் தரவில் 480 மெகாபிட்டோடு நின்றுவிடலாம். நொடிக்கு 10 ஜிகாபிட் கொண்டுபோகும் கேபிள் சார்ஜில் 60 வாட்டோடு நின்றுவிடலாம். விதிமுறை இரண்டையுமே அனுமதிக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 ப்ரோவின் கேபிள் செருகும் துளை நொடிக்கு 10 ஜிகாபிட் ஏற்கக்கூடியது. அதன் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த கேபிளோ 480 மெகாபிட்தான். லட்சத்துக்கு மேல் விலை கொடுத்து வாங்கியவரும் தனியாக ஒரு கேபிள் வாங்காமல் அந்த வேகத்தைப் பார்க்க முடியாது.

பிட், பைட் குழப்பமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 480 மெகாபிட் என்பதைக் கணினித் திரையில் தெரியும் அளவுக்கு மாற்றினால் நொடிக்கு 60 எம்.பி.; நடைமுறையில் 35 முதல் 40 வரைதான் வரும். 120 ஜி.பி. காட்சிகளை 38 எம்.பி. வேகத்தில் நகலெடுத்தால் ஐம்பத்திரண்டு நிமிடங்கள் ஆகும். பக்கத்து வீட்டுத் தம்பியின் கடிகாரமும் இந்தக் கணக்கும் ஒத்துப்போயின.

டைப் சி என்ற இணைப்பியை 2014இல் வெளியிட்டார்கள். எப்படிச் செருகினாலும் பொருந்தும் அதன் வாய்க்குள் 24 தொடுமுனைகள் உண்டு. விலை குறைந்த டைப் சி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு, இரு முனைகளும் பேசிக்கொள்ள ஒன்று என ஐந்து கம்பிகள் இருந்தாலே போதும். வேகமான தரவுக்கு மேலும் நான்கு ஜோடிக் கம்பிகள் வேண்டும். அவற்றை ஒவ்வொரு ஜோடியாகக் கவசமிட்டு இழுக்க வேண்டும் என்பதால் செலவு கூடும், கேபிள் தடிக்கும், நீளமும் குறையும். 480 மெகாபிட் கேபிள் நான்கு மீட்டர் வரை நீளலாம். 10 ஜிகாபிட் கேபிள் ஒரு மீட்டர் அளவில்தான் நிற்கும். ஆகவே 'மூன்று மீட்டர், 10 ஜிகாபிட்' என்று எழுதிய இருநூறு ரூபாய் கேபிளைப் பார்த்தால் சந்தேகப்படுவதற்கு இடம் உண்டு. பழைய செவ்வக முனையிலாவது (டைப் ஏ) உள்ளே நீல நிற நாக்கு இருந்தால் வேகமானது என்று ஓர் அடையாளம் வழக்கத்தில் இருந்தது. டைப் சியில் வெளியே பார்த்துச் சொல்ல எதுவுமே இல்லை.

பெயர்களும் உதவவில்லை. 2008இல் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தோடு வந்ததற்கு யு.எஸ்.பி. 3.0 என்று பெயர். 2013இல் அதே வேகம் 'யு.எஸ்.பி. 3.1 ஜென் 1' ஆனது. 2017இல் அதே வேகம் 'யு.எஸ்.பி. 3.2 ஜென் 1' ஆனது. ஒரே பொருளுக்கு மூன்று பெயர், '3.2' என்பதைப் பார்த்து '3.0'ஐ விட வேகமானது என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுப்பவரைக் குறை சொல்ல முடியுமா? இந்த விதிகளை வகுக்கும் அமைப்பே பின்னர் தவற்றை உணர்ந்து, '5 ஜிகாபிட்', '40 ஜிகாபிட்', '60 வாட்', '240 வாட்' என்று வேகத்தையும் திறனையும் எண்ணாகவே காட்டும் முத்திரைகளைக் கொண்டுவந்தது. அது நல்ல மாற்றம். ஆனால் சேலத்தில் நான் ஏறி இறங்கிய பத்துக் கடைகளில் அந்த முத்திரையுள்ள கேபிள் ஒன்றையும் பார்க்கவில்லை.

மின்திறன் பக்கம் இன்னொரு மறைபொருள் உண்டு. இரு முனையும் டைப் சியாக உள்ள சாதாரணக் கேபிள் 20 வோல்ட்டில் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். அதற்கு மேல் 5 ஆம்பியர் வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் 'இ-மார்க்கர்' என்ற சிறு சில்லு இருக்க வேண்டும். 'என்னால் 5 ஆம்பியர் தாங்க முடியும்' என்று அந்தச் சில்லு சார்ஜரிடம் தெரிவிக்கும். தெரிவிக்காவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல் தராது. 2021இல் வந்த விதிப்படி 48 வோல்ட், 5 ஆம்பியர் என 240 வாட் வரை போகலாம். ஆகவே சில்லு இல்லாத டைப் சி கேபிளின் பெட்டியில் '100 வாட்' என்று எழுதியிருந்தால் அது வெறும் எழுத்துதான். சாம்சங் கைபேசிகளில் 45 வாட் சார்ஜர் வாங்கியும் 25 வாட் அளவிலேயே ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கேபிள் 5 ஆம்பியர் கேபிளா?

கடைகளில் இப்போது அதிகம் காணப்படும் '6 ஆம்பியர், 120 வாட்' கேபிள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொதுவான யு.எஸ்.பி. விதிமுறையில் 5 ஆம்பியருக்கு மேல் இடமே இல்லை. ஒரு முனை பழைய செவ்வக முனையாக இருந்தால் 3 ஆம்பியர்தான் எல்லை. 6 ஆம்பியர், 6.5 ஆம்பியர் என்பவையெல்லாம் ஷாவ்மி, ஓப்போ, ஒன்பிளஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் கைபேசி, தங்கள் சார்ஜர், தங்கள் கேபிள் மூன்றும் சேர்ந்தால் மட்டும் இயங்கும்படி அமைத்துக்கொண்ட தனி முறைகள். அந்தக் குடும்பத்தில் ஒன்று மாறினாலும் சார்ஜ் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். இறங்குவது பாதுகாப்புக்காகத்தான், அதில் தவறில்லை. ஆனால் '120 வாட்' என்று எழுதிய பொதுக் கேபிள் எந்தக் கைபேசிக்கு 120 வாட் தரும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. சார்ஜர், கேபிள், கைபேசி மூன்றில் எது மிகக் குறைவோ அதுதான் நமக்குக் கிடைக்கும் வாட்.

மெதுவாக ஏறுவதோடு போய்விட்டால் பரவாயில்லை. ஒரு முனை பழைய செவ்வக முனையாகவும் மறுமுனை டைப் சியாகவும் உள்ள கேபிளில் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பதிலாக 10 கிலோ ஓம் வைத்துவிட்டால், மறுபுறம் 3 ஆம்பியர் தரும் வலிமையான சார்ஜர் இருப்பதாகக் கைபேசி நினைத்துக்கொண்டு, பழைய சார்ஜரிடமோ கணினித் துளையிடமோ தாங்க முடியாத அளவு மின்னோட்டத்தை இழுக்கும். கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் லியூங் 2015ஆம் ஆண்டில் இத்தகைய கேபிள்களைத் தாமே வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தார். 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்ததால் அவருடைய மடிக்கணினியே பழுதானது. அடுத்த மாதம் அமேசான் நிறுவனம், விதிக்கு உட்படாத டைப் சி கேபிள்களைத் தன் தளத்தில் விற்கத் தடை விதித்தது. ஒரு தனிமனிதர் அளந்து சொன்னதால் நடந்த மாற்றம் அது.

விலையை வைத்தாவது முடிவு செய்யலாமா என்றால், அதுவும் முடியாது. அக்காவுக்கு வாங்கிய கேபிளின் பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை 999 ரூபாய் என்று இருந்தது; எனக்குக் கொடுத்தது 180 ரூபாய்க்கு. அந்த 999க்கு என்ன பொருள்? பிறகு அறுபது ரூபாய் முதல் தொள்ளாயிரம் ரூபாய் வரை கொடுத்து எட்டுக் கேபிள்கள் வாங்கி அளந்தேன். நூற்றைம்பது ரூபாய் கேபிள் ஒன்று சார்ஜில் நன்றாகவே நின்றது. ஐந்நூறு ரூபாய் கேபிள் ஒன்று அதைவிட மோசமாக இருந்தது. எட்டில் இரண்டில் தரவுக் கம்பிகளே இல்லை. 'டேட்டா கேபிள்' என்று கேட்டுத்தான் வாங்கினேன். எட்டுக் கேபிள்களைக் கொண்டு ஊர் முழுவதையும் எடைபோட முடியாது என்பதை அறிவேன். ஆனால் விலைக்கும் உள்ளே இருக்கும் செம்புக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது என்பதற்கு இந்த எட்டு போதும்.

வாசகர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பேட்டரி 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்போது, அதே சார்ஜர், அதே கைபேசியில் கேபிளை மட்டும் மாற்றி மாற்றி மீட்டரில் வாட்டைப் பார்க்க வேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் கைபேசி தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், சூடாகிவிட்டாலும் குறைத்துக்கொள்ளும். ஆகவே பேட்டரி நிறையும் நேரத்திலோ, வெயிலில் வைத்தோ சோதித்துவிட்டுக் கேபிளைப் பழிப்பது சரியாகாது. மீட்டர் இல்லாதவர்கள், திரையை அணைத்துவிட்டு அரை மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு ஒப்பிடலாம். தரவு வேகத்துக்கு, இரண்டு ஜி.பி.க்குக் குறையாத ஒரே ஒரு பெரிய கோப்பை வெளிப்புற எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்து நேரம் பார்க்க வேண்டும். நொடிக்கு 40 எம்.பி.யைத் தாண்டவே இல்லை என்றால், இரு பக்கத் துளைகளும் வேகமானவையாக இருக்கும் பட்சத்தில், அது 480 மெகாபிட் கேபிள்தான். நூற்றுக்கணக்கான சிறு படங்களை வைத்துச் சோதித்தால் முடிவு தவறாகிவிடும்; ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடவே நேரம் போய்விடும்.

ஆனால் ஒவ்வொரு வீடும் ஆய்வகமாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அளந்து விற்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள் 'டச்', அதாவது வெள்ளியின் தூய்மை, எவ்வளவு என்று கேட்காமல் வெள்ளியைக் கையில் வாங்க மாட்டார்கள். அறுபது டச், எண்பது டச் என்று சொல்லித்தான் விலை பேசுவார்கள், ஐயம் வந்தால் டச் பார்த்துவிட்டுத்தான் கணக்கு முடிப்பார்கள். பளபளப்பைப் பார்த்து வெள்ளி வாங்குகிறவர் இந்த ஊரில் ஏமாளி. ஜவ்வரிசியையும் மாதிரி எடுத்துச் சோதித்து விற்கிறோம். அப்படிப்பட்ட ஊரில், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று கிடக்கும் ஒரு பொருளை நூல் பின்னலின் பளபளப்பைப் பார்த்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, பொட்டலமிட்டு விற்கும் பொருளின் மீது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், வரிகள் அனைத்தும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையும், தயாரித்த மாதமும் ஆண்டும், நுகர்வோர் புகாருக்கான தொடர்பு விவரமும், இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டுப் பொருள் என்பதும் இருக்க வேண்டும். நான் வாங்கிய எட்டில் மூன்றில் இவற்றில் பாதிகூட இல்லை. தமிழ்நாட்டில் இந்த விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. தராசுகளையும் எடைக்கற்களையும் முத்திரையிட்டுச் சோதிக்கும் அதே அதிகாரிகள், மாவட்டத்தில் கேபிள் கட்டுகள் வந்து இறங்கும் மொத்த விற்பனைக் கிடங்குகளையும் ஒருமுறை பார்வையிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன். நடவடிக்கை சாலையோரத் தள்ளுவண்டிக்காரரோடு நின்றுவிடக் கூடாது. அவருக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறதோ அங்கே போக வேண்டும்.

சார்ஜர்களுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. சார்ஜரின் மேல் உள்ள பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு யாரும் சரிபார்க்கலாம். டைப் சி கேபிளுக்கும் இணைப்பிக்கும் உரிய உலகத் தரநிலையை அதே அமைவனம் 2023 ஜனவரியில் இந்தியத் தரநிலையாகவும் வெளியிட்டிருக்கிறது. ஸ்மார்ட்போன்களுக்கு ஒரே துளை என்பதில் 2022 நவம்பரிலேயே நுகர்வோர் விவகாரத் துறை கூட்டிய கூட்டத்தில் உடன்பாடு ஏற்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் பொதுச் சார்ஜர் விதி நடப்புக்கு வந்துவிட்டது; அங்கே கைபேசிப் பெட்டியின் மீதே, அதைச் சார்ஜ் செய்யக் குறைந்தபட்சம் எத்தனை வாட், அதிகபட்சம் எத்தனை வாட் என்று எண்ணில் அச்சிட வேண்டும். துளை ஒன்றானது பெரிய நன்மை. ஆனால் துளை ஒன்றானதால், பொருந்துகிற கேபிளெல்லாம் ஒன்று என்ற நம்பிக்கையும் பரவிவிட்டது. முன்பு பொருந்தாத கேபிள் பொருந்தாது என்று கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது எல்லாம் பொருந்துகிறது, எது என்ன செய்யும் என்பது தெரியவில்லை. எனவே கேபிளின் முனையிலோ மேலுறையிலோ மூன்று எண்களை, எத்தனை வாட், நொடிக்கு எத்தனை மெகாபிட் அல்லது ஜிகாபிட், எத்தனை மீட்டர் என்பதை, அழியாத எழுத்தில் அச்சிடுவதை ஒன்றிய அரசு கட்டாயமாக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டால் போதாது. பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். கேபிள் ஐந்து ஆண்டுகள் வீட்டில் கிடக்கும்.

அதுவரை நம் ஊரிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கைபேசிக் கடைகளின் மேசையில் ஒரு யு.எஸ்.பி. மீட்டர் இருக்கட்டும். வாங்குகிறவரின் கைபேசியிலேயே மாட்டிக் காட்டி, ஓடுகிற வாட்டைப் பார்க்க வைத்து விற்கட்டும். ஒரு நிமிட வேலை. அதற்காகக் கேபிளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்க மக்கள் தயங்க மாட்டார்கள். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் ஆடித் திருவிழாப் பொருட்காட்சியிலும், மே மாதம் ஏற்காட்டில் நடக்கும் கோடை விழாவிலும் ஒரு மேசை போட்டு, மக்கள் கொண்டுவரும் கேபிள்களை இலவசமாக அளந்து சீட்டு எழுதிக் கொடுக்கலாம். கற்பிக்கும் பணியில் இருந்தபோது மாணவர்களுக்கு ஓம் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான்; ஓர் அறுபது ரூபாய் கேபிளை அவர்கள் கையில் கொடுத்து அளக்கச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஏமாற்றப்பட்டவர்கள் பேசாமல் இருந்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ரசீது வாங்குங்கள், நூற்றைம்பது ரூபாய் கேபிளுக்கும் வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகவும் வழி உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. சிறு தொகைக்காக யார் அலைவது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் இந்த வணிகம் நிற்பதே அந்தச் சிறு தொகையின் மேல்தான்.

அக்காவுக்கு இந்த வாரம் வேறு கேபிள் எடுத்துச் செல்கிறேன். அளந்து பார்த்துத் தேர்ந்த ஒரு மீட்டர் கேபிள். அதன் முனையில் வெள்ளைத் துணி நாடா ஒட்டி, '3 ஆம்பியர், 480 மெகாபிட், 1 மீட்டர், சோதித்தது' என்று மை பேனாவால் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.